அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே ஒரு நீரூற்று

1

இந்த வாரம் எங்கள் ஊர்ப் பூங்காவில் நீரூற்றுகளை நிறுத்தினோம். குளிர் தொடங்கும்போது ஒவ்வொரு வருஷமும் செய்கிற வேலைதான். குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். அதனால் மோட்டாரைக் கழற்றி, தொட்டியை வடித்து, அடியில் படிந்த இலைச் சேற்றை வாரிப் போட்டு, மேலே பலகை வைத்து மூடிவிட்டு வருவோம். பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் மேரியின் தோட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மேரி என்றால் நகராட்சி அலுவலகம் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட வேலை செய்கிற மார்த்தின், பலகையை இறக்கி வைத்தபடியே, "உங்கள் ஊரில் நீரூற்றை எப்போது நிறுத்துவீர்கள்?" என்று கேட்டான்.

"கரண்ட் போகும்போது" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, உன் வீட்டில் நீரூற்று உண்டா என்று கேட்டான். நாங்கள் இருப்பது நான்காவது மாடியில். பால்கனியில் ஒரு துளசியும் ஒரு கறிவேப்பிலையும் வைக்கத்தான் இடம், குளிர் வந்துவிட்டால் அவையும் சமையலறைக்குள் வந்துவிடும். ஊர் முழுக்கப் பிறர் பார்க்கத் தண்ணீர் விடுகிறேனே தவிர, எனக்கென்று இங்கே ஒரு தொட்டிகூடக் கிடையாது. என் கையால் எங்கள் வீட்டுக்கென்று செய்த ஒரே நீரூற்று புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில் அப்பா வீட்டில் இருக்கிறது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

2

போன வருஷம் இங்கே மரங்கள் துளிர்க்கிற நேரம். தம்பி குமார் போன் பண்ணினான். எப்போதும் நான்தான் போன் கார்டு வாங்கிப் பேசுவேன், அவன் கூப்பிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"அக்கா, பயப்படாத. அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கிச்சு. எடது பக்கம். கோரிமேட்டு ஆஸ்பத்திரில சேத்துட்டோம். உயிருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அப்பா கடலூர் ரூட்டில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றும் தெருவில் எங்கள் வீட்டுக்குக் கண்டக்டர் வீடு என்றுதான் பெயர். தவளக்குப்பத்தில் ஏறுகிற மீன்காரப் பெண்களின் கூடைகளுக்கு நடுவில், கம்பியைப் பிடிக்காமல், ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சில்லறை எண்ணுகிறவர். அவருக்குக் கால் இழுத்துக்கொண்டது என்பதை என் மனசு ஏற்க ரொம்ப நேரம் ஆனது.

மறுநாள் மேரியில் லீவு கேட்கப் போனேன். பதற்றத்தில் எனக்கு முதலில் வருவது தமிழ்தான். அதை அப்படியே பிரெஞ்சாக்கி, "என் அப்பாவின் கையையும் காலையும் இழுத்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "யார் இழுத்தது, மதாம்? போலீசில் சொன்னீர்களா?" என்றாள். நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

விஷயம் புரிந்த பிறகு காகித வேலை ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும் என்றார்கள். குமார் அதை ஃபேக்ஸில் அனுப்பினான். அது இங்கிலீஷில் இருக்கிறது, பிரெஞ்சில் வேண்டும் என்றார்கள். நானே எழுதித் தருகிறேன் என்றால் அது செல்லாது, கோர்ட்டில் பதிவு செய்த மொழிபெயர்ப்பாளர்தான் எழுத வேண்டுமாம். அந்த ஆள் ஊருக்குப் போயிருந்தார். அவர் வந்து, எழுதி, முத்திரை குத்தி, அது மேலே போய்க் கீழே வருவதற்குள் அப்பாவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் எனக்குக் கிடைத்தது வழக்கமான கோடை விடுமுறையோடு சேர்த்துக் கொஞ்சம் சம்பளமில்லாத லீவு. மகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும்.

மகள் நிலாவுக்கு அப்போது பதினைந்து வயசு. தோழிகளோடு கடற்கரைக்குப் போவதாக இருந்தாள். எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது என்று சொன்னேன். அது அதே மாதிரி இல்லை என்றாள். விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை காதிலிருந்து பாட்டுக் கருவியை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

3

அப்பா முன் ரூமில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒவ்வொரு தடவை போகும்போதும் நிலாவைப் பார்த்ததும் "போன்ழூர் மத்மசேல்" என்று பிரெஞ்சு வணக்கத்தைப் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில் சொல்வார். அந்தத் தடவை சொல்லவில்லை. பேச்சு போகவில்லை, கொஞ்சம் குழறியதோடு சரி. பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னாள். "நடக்க முடியும்னு டாக்டர் சொல்றாரு. இவருதான் எழுந்துக்க மாட்டேங்கறாரு. இப்ப நடக்காம உட்டா கால் அப்படியே வெறச்சுப் போயிடுமாம். அத விடு, தண்ணி குடிக்க மாட்டேங்கறாரு பாப்பா. குடிச்சா ஒண்ணுக்குப் போக படுக்கையில பேன் வெக்கணும் இல்ல. அதுக்கு வெக்கம். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் போனா அதிகம். ரெண்டு வாட்டி காய்ச்சல் வந்து, யூரின்ல கிருமின்னாங்க."

அம்மாவுக்கு மூட்டு வலி. அப்பாவைப் புரட்டித் தூக்கி அவள் இடுப்பும் போயிருந்தது. குமார் ஃபேக்டரியிலிருந்து வந்து சாயங்காலம் பார்த்துக்கொள்வான். ஜெயா என்று ஒரு பிசியோ பெண் காலையில் வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவாள். அவளிடம் அப்பா காலைக் கொடுப்பார், எழுந்திருக்க மட்டும் மாட்டார். ஊன்றி நடக்கிற வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் புதுசாகவே நின்றது. அம்மா அதில் துண்டு காயப்போட்டிருந்தாள்.

வீட்டில் எல்லாரும் ரகசியம் பேசுகிற மாதிரி பேசினார்கள். செருப்புச் சத்தம்கூட இல்லை. வாழ்நாளெல்லாம் இன்ஜின் இரைச்சலிலும் விசில் சத்தத்திலும் இருந்த மனுஷனுக்கு இந்த அமைதியே ஒரு நோய் என்று எனக்குப் பட்டது. டி.வி. போட்டால் நிறுத்தச் சொன்னார். பாட்டு வேண்டாம் என்றார். நான் நர்ஸ் இல்லை, பிசியோ இல்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அவர் ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கொய்யா மரமும் கொஞ்சம் மண்ணும் இருந்தன. அங்கே தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கொண்டுவரலாம் என்று நினைத்தேன்.

குமாரிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவரு எழுந்துக்கவே மாட்டேங்கறாரு, நீ பார்க் கட்றேன்ற" என்றான். ஆனாலும் மறுநாளே கிணற்றுக்கு இறக்குகிற சிமென்ட் உறை ஒன்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அதைத் தரையில் உட்கார வைத்து, அடியில் கான்கிரீட் போட்டு, உள்ளே தண்ணீர் கசியாத சிமென்ட் பூசினோம். பூச்சு காய்ந்ததும் அடிபம்பில் தண்ணீர் அடித்து நிரப்பி, மறுநாள் கொட்டி, மறுபடி நிரப்பினோம். புதுச் சிமென்ட்டின் காரம் போகாவிட்டால் மீன் செத்துவிடும். மீன் இல்லாவிட்டால் கொசு வரும்.

ஏர்கூலருக்குப் போடுகிற சின்ன மோட்டார் நேரு வீதியில் கிடைத்தது. வில்லியனூர்ப் பக்கம் போய் மூன்று மண்பானைகள் வாங்கி வந்தோம். ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தால் மேல் பானை நிரம்பி நடுப்பானைக்கும், அது நிரம்பிக் கீழ்ப்பானைக்கும், அங்கிருந்து தொட்டிக்கும் தண்ணீர் விழும். மேல் பானைக்கு அடியில் குழாய் விட ஓட்டை போட வேண்டும். முதல் பானை டிரில் பட்டதுமே இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பதில் இன்னொன்று வாங்கிவர வேண்டியதாயிற்று. இங்கே வேலையில் நாங்கள் செய்கிற மாதிரி அடுத்ததை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ஓட்டை போடுகிற இடத்தில் டேப் ஒட்டி, மெதுவாகத் துளைத்தேன். வந்துவிட்டது. குமார் என் கையை வாங்கிப் பார்த்தான். "இன்னா அக்கா, கொத்தனார் கையாட்டம் ஆயிடுச்சு" என்றான். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தண்ணி ஈசானி மூலையில இல்ல இருக்கணும். இது கன்னி மூல. ஏற்கெனவே மனுஷன் படுத்துக் கெடக்கறாரு." எனக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மாதான் பதில் சொன்னாள். "அவரு ஜன்னல் இங்கதான கீது. மூலைய நான் எங்க நவுத்தறது?"

நிலா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. படியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டாள். ஆனால் பானையைச் சாய்த்துச் சாய்த்துச் சத்தம் பார்க்கும்போது மட்டும் ஒரு காதைத் திறந்து, "இப்போது குழாய் ஒழுகுவது போல இருக்கிறது, இப்போது பரவாயில்லை" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவள் சொன்னது சரி. தண்ணீர் தண்ணீரிலேயே விழுந்தால் ஒழுகல் சத்தம்தான் வரும். விழுகிற இடத்தில் ஒரு தட்டைக் கல்லை வைத்தேன். சத்தம் கனமாகி, ஓடை மாதிரி ஆனது.

4

ஒரு மத்தியானம் சுவிட்சைப் போட்டேன். மூன்று பானையும் நிரம்பி வழிந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். குமாரும் அன்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இருந்தான். நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தார்.

"லட்சுமி" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "பேன் எடு."

அம்மா போய் வைத்தாள். வெளியே வந்தாள். மறுபடி கூப்பிட்டார். மறுபடி போனாள். மூன்றாவது தடவை அம்மா, "இப்பதான போனீங்க" என்றாள்.

"நான் இன்னாடி பண்ணட்டும். அந்தச் சத்தம் கேட்டா வருது. எவன் குழாயத் தொறந்து வெச்சிருக்கறது? மூடச் சொல்லு."

குமார் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சுவிட்சை அணைத்தேன். உறையும் பானையும் அலைச்சலுமாக அத்தனை பாடும் வீண் என்று அன்று எனக்கு நிஜமாகவே வருத்தம். அம்மாவுக்கு ஒரு வேலையைக் குறைக்க வந்து, வேலையைக் கூட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஜெயா வந்தபோது அம்மா இதைச் சொல்லிச் சிரித்தாள். ஜெயா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே வந்து தொட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, இதப் போடுங்க."

"அவருக்கு ஒண்ணுக்கு வந்துடும்மா."

"வரட்டும். போடுங்க."

போட்டேன். அவள் உள்ளே போய், வாக்கரில் காய்ந்த துண்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். வாக்கரைக் கட்டிலோடு ஒட்டி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பா அம்மாவைத் தேடினார். அம்மா பேனை எடுக்கப் போனாள். ஜெயா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பேன் கழுவப் போட்டிருக்கு அங்கிள். பாத்ரூம் பக்கத்துலதான். ஹாலத் தாண்டினா வந்துடுச்சு. நான் புடிச்சுக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் வேட்டியை நனைத்துவிடுவோமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. வெளியே தண்ணீர் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. அவர் வலது கையை ஊன்றினார். ஜெயா இடது பக்கம் தோள் கொடுத்தாள். எழுந்துவிட்டார்.

ஹாலைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றார். நிற்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ்ஸை நிறுத்துகிற குரலில் "ஓல்டான்" என்றார். மூச்சு வந்ததும் "ரைட்" என்றார். அவர் சொன்னது தனக்கேதான், ஆனால் நாங்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டு நின்று நின்று நடந்தோம். பாத்ரூம் கதவை அவரே சாத்திக்கொண்டார். அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அன்று தேய்க்கப் பாத்திரமே இல்லை.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் வேர்த்துக் கொட்டியது. கோபம் வேறு. "எல்லாம் சேந்து திட்டம் போட்டீங்களா?" என்றார். ஜெயா, "நாளைக்கும் வருவேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

5

அதன் பிறகு சுவிட்ச் நிலாவின் கைக்குப் போனது. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். தாத்தா மறுத்தால் சும்மா விடாமல் சண்டை போடுகிற ஒரே ஆள் அவள்தான். நாங்கள் எல்லாரும் அவருக்குப் பயந்தவர்கள்.

நிலாவுக்கு "நீங்க" வராது. பிரெஞ்சில் நெருக்கமானவர்களை நீ என்றுதான் சொல்வார்கள். தாத்தாவை நீங்க என்று சொன்னால் அவரை அந்நியராக்கிவிடுவதாக அவளுக்குத் தோன்றும். நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அந்த வீட்டில் அப்பாவை யாரும் நீ என்று கூப்பிட்டது கிடையாது. அவள் கட்டிலுக்கு எதிரில் நின்று, "தாத்தா, நீ எழு. நீ நட" என்பாள். அப்பா, "முடியாது போ" என்பார். அவள் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

ஒரு நாள் ஜெயா போகும்போது, தண்ணீர் நிறையக் குடிக்க வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். தொட்டி நிரப்பும்போது நாங்கள் தண்ணி அடி, தண்ணி அடி என்று பேசிக்கொண்டது நிலாவின் காதில் தங்கியிருக்கிறது. சொம்பை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள்:

"தாத்தா, நீ காலைல தண்ணி அடி. மத்தியானம் தண்ணி அடி. ராத்திரியும் தண்ணி அடி. அப்பதான் உடம்பு நல்லா ஆகும்."

தெருவுக்கு ஒரு சாராயக் கடை இருக்கிற ஊரில் குடியே தொடாமல் இருந்த மனுஷன் அப்பா. அவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "கேட்டுக்க லட்சுமி. பேத்தி சொல்லிட்டா" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. நோய் வந்த பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். நிலாவுக்கு என்ன தப்பு என்று புரியவில்லை. நான் சொன்னதும் முகம் சிவந்து மாடிக்கு ஓடிவிட்டாள். ஆனால் சொம்புத் தண்ணீர் காலியாகியிருந்தது. அன்றிலிருந்து அப்பா தண்ணீர் வேண்டும் என்றால், "அடிக்கிறதுக்கு ஏதாச்சும் குடு" என்றுதான் அவளிடம் கேட்பார்.

தொட்டியில் கப்பி மீன் விட்டோம். காக்காய்கள் மேல் பானையில் குளித்தன. பானைகளில் உப்பு படிந்து வெள்ளைக் கோடுகள் விழுந்தன. அத்தை ஒரு நாள் அல்லிக் கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து, மூலையைப் பற்றி எதுவும் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் நானும் நிலாவும் பஜாருக்குப் போய்விட்டுத் திரும்பினோம். தெரு இருட்டாக இருந்தது, கரண்ட் இல்லை. அம்மா வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனால் கட்டில் காலி. வாக்கரும் இல்லை. பாத்ரூம் பக்கமிருந்து "ஓல்டான்" என்று ஒரு குரல் வந்தது.

அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "நான் தூக்கலயே. கூப்புடவே இல்லயே" என்றாள். நிலா வெளியே ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, மோட்டார் ஓடவில்லை" என்று மெதுவாகச் சொன்னாள்.

நாங்கள் மூன்று பேரும் இருட்டில் நின்றோம். யாரும் போய்ப் பிடிக்கவில்லை.

6

இப்போது அப்பா தடியோடு நடக்கிறார். கடற்கரைக்கெல்லாம் போகவில்லை, தெருமுனைப் பெட்டிக்கடை வரைக்கும் போகிறார். இடது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. அம்மா இடுப்புக்குத் தைலம் தடவிக்கொள்கிறாள், ஆனால் யாரையும் தூக்குவதில்லை. நிலா என் கார்டை எடுத்துத் தானே புதுச்சேரிக்குப் பேசுகிறாள். மற்றபடி அவளுக்கு அவள் உலகம்தான், என்னிடம் பேசுவதைவிடத் தோழிகளோடு பேசுவது அதிகம். அதில் எனக்குக் குறை இல்லை. பதினாறு வயசில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

இதையெல்லாம் ஜெயாவின் திறமை என்று சொல்லலாம், அப்பாவின் பிடிவாதம் என்று சொல்லலாம், நாள்பட்டால் தானாகவே நடந்திருப்பார் என்றும் சொல்லலாம். நான் மார்த்தினிடம் நீரூற்றுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன். தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது முடியாது. அதுவரை அப்பா வீட்டுக்குள்தான் நடந்தார். தொட்டி ஜன்னலுக்குக் கீழே தாழ்வாக இருந்ததால் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியாது. அவர் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறார், திட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவரே, "அத எங்க வெச்சிருக்கற, காட்டு" என்றார்.

வாசல்படி இறங்கக் குமார் கை கொடுத்தான். கொய்யா மரத்தடிக்குப் போக நேரம் பிடித்தது. நிலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்னாலேயே கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். அப்பா உட்காரவில்லை. வாக்கரைப் பிடித்து நின்றபடி மூன்று பானைகளையும் உறையையும் மேலிருந்து கீழே பார்த்தார். இடுப்பு உயரம்கூட இல்லை.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதாம்பா."

"நான் இன்னாமோ பெரிய அருவியாட்டம் கட்டிட்டியோன்னு இருந்தேன்."

பிறகு உட்கார்ந்தார். நல்ல கையைத் தொட்டிக்குள் விட்டார். கப்பிகள் விலகி ஓடி, கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு நடுவில் திரும்பி வந்தன. கையை அசைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். ஜன்னல் வழியாக அவருடைய ரூம் தெரிந்தது. விரிப்பு மாற்றிய கட்டில், மடித்து வைத்த போர்வை, சுவர். அதையும் பார்த்தார்.

அம்மா உள்ளேயிருந்து, "காபி கலந்துட்டேன், உள்ள கூட்டிட்டு வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

"இங்கயே கொண்டா" என்றார் அப்பா.